மச்சானின் பூட்டு

அந்தத் தெருவில் நல்ல மாப்பிள்ளைக்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு அவனுக்குத்தான் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மனைவியின் அண்ணனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துக் கிடந்தது அவன். காயம் ஆறும்வரை கட்டு மாற்றியது அவன். செயற்கைக் கால் பொருத்தும் இடத்துக்கு வாரத்துக்கு மூன்று முறை பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது அவன். "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்பா" என்று எதிர்வீட்டம்மா பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். பார், எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழும்.

அடக்கமாவது ஒன்றாவது. அந்தக் கால் போனதற்குக் காரணமே அவன்தான். அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு பேரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். பன்னிரண்டு வருஷமாக ஜோடி. இவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் மச்சான்தான், தன் தங்கையைக் கட்டிக்கொடுத்து வீட்டுக்குச் சேர்த்துவிட்டதும் மச்சான்தான். அவர் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கம்பெனியில் மேனேஜர் முதல் வாட்ச்மேன்வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளையாகிப் போனான். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. மச்சானுக்கு நாற்பத்தி நாலு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு லிஃப்டே போதும்யா. கூப்பிட்டா வரும், போன்னா போகும். எந்தப் பொண்டாட்டி அப்படி இருப்பா?" என்பார். தங்கை கரண்டியை எடுத்துக்கொண்டு அடிக்க வருவாள். மூன்று பேரும் ஒரே வீடு.

லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் ஓடும் அந்த நீளக் கூண்டுக்குள் யார் இறங்குகிறாரோ, அவர் முதலில் மாடி உச்சியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய், மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவர் சட்டைப் பையில். வேலை முடிந்து அவரே வெளியே வந்து, அவரே படியேறிப் போய், அவரே திறக்க வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

சட்டம் போட்டவர்களுக்கு என்ன, அவர்களா ஒன்பது மாடி ஏறி இறங்குகிறார்கள்? ஐந்து வருஷத்துக்கு முன்பே இருவரும் ஒரு சாவிக் கடையில் ஆளுக்கொரு மறுசாவி வெட்டிக்கொண்டார்கள். மச்சான் பூட்டின் சாவி மாப்பிள்ளையிடம், மாப்பிள்ளை பூட்டின் சாவி மச்சானிடம். கீழே இருப்பவர் வெளியே வந்து போனில் "வந்துட்டேன், திற" என்று சொன்னால் மேலே இருப்பவர் திறந்துவிடலாம். முழங்கால் மிச்சம். கம்பெனிக்குத் தெரிந்தால் இருவர் வேலையும் போய்விடும் என்பதால் வீட்டில்கூட மூச்சுவிடவில்லை.

அன்றைக்கு ஒரு ஒன்பது மாடிக் கட்டடம். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் ஒரு ஸ்டாப் சுவிட்ச் உண்டு. அது கெட்டுப் போயிருந்தது. அதை மாற்றும் வேலை. இருவரும் சேர்ந்தே மேலே ஏறினார்கள். மச்சான் மெயின் சுவிட்சை அணைத்தார், பூட்டைப் போட்டார், வழக்கம்போல இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "நீ மேல பிரேக்கப் பாரு மாப்ள" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து மாப்பிள்ளை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கீழே பைக்கின் மேல் மச்சானின் டூல்ஸ் பை இருந்தது. பை வெளியே இருந்தால் ஆளும் வெளியே என்று முடிவுகட்டிவிட்டான். அதற்குள் கட்டடத்தின் செயலாளர் நாலு தடவை போன் பண்ணி, "வயசானவங்க படியேற முடியாம தவிக்கறாங்கய்யா" என்று கத்தியாயிற்று. மச்சானுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பத்து விநாடி வேலை. பாழாய்ப்போனவன் அதைச் செய்யவில்லை. மறுசாவியால் பூட்டைத் திறந்தான், சுவிட்சைப் போட்டான்.

மச்சான் ஒரு ஸ்குரு எடுப்பதற்காகத்தான் பையோடு வெளிச்சத்துக்கு வந்திருந்தார். எடுத்துக்கொண்டு திரும்பவும் குழிக்குள் இறங்கிவிட்டார். குழந்தைகள் யாரும் எட்டிப் பார்த்து விழுந்துவிடக் கூடாதென்று கதவையும் சாத்திக்கொண்டார். ஒன்பதாவது மாடியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள். லிஃப்ட் மேலே போனால், மறுபக்கம் அதற்கு ஈடான இரும்பு எடைக்கட்டு கீழே இறங்கும். அது மச்சானின் காலின் மேல் இறங்கியது.

அலறல் ஒன்பது மாடிக்கும் கேட்டது. மாப்பிள்ளை சுவிட்சை அணைத்துவிட்டுப் படிகளில் விழுந்தடித்து ஓடினான். கீழே வந்த பிறகுதான் தன் கையில் மச்சானின் பூட்டு இருப்பதைப் பார்த்தான். ஆட்கள் அவரை வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கண்ணும் இவன் மேல் இல்லை. பூட்டை வெளியே இருந்த மச்சானின் டூல்ஸ் பைக்குள் போட்டுவிட்டான். அதை யோசித்துச் செய்யவில்லை. பயம், கை தானாகச் செய்தது. ஆனால் நான்கு நாள் கழித்து விசாரணையில், "சுவிட்ச்ல பூட்டு எதுவும் இல்ல, அதனால உள்ள ஆள் இல்லன்னு நினைச்சுப் போட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டானே, அது நன்றாக யோசித்துச் செய்தது. பூட்டு பையில் கிடைத்தது. மச்சான் பூட்ட மறந்துவிட்டார் என்று கம்பெனி கோப்பை மூடியது.

மச்சானுக்கோ அந்த நாளே நினைவில் இல்லை. காலையில் டீ குடித்தது தெரியும், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரையில் சுற்றிய மின்விசிறிதான் தெரியும். நடந்ததைச் சொன்னபோது அவர் காலைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் பார்த்தார். "உன் மேல ஒரு தப்பும் இல்ல மாப்ள. பூட்டு இல்லன்னா நானும் சுவிட்சப் போட்டிருப்பேன். நீ மனசப் போட்டு உழப்பிக்காத." அந்த நிமிஷமே தரை பிளந்து தன்னை விழுங்கியிருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, மச்சான் எழுந்து நின்ற வேகம் டாக்டர்களையே வாய்பிளக்க வைத்தது. முதலில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே பத்தடி நடை, எதிரே ஒரு கண்ணாடி. மீதிக் காலுக்கு உறை மாட்டி, அதன் மேல் செயற்கைக் காலை இறுக்கி, வியர்வை சொட்டச் சொட்ட நடப்பார். தோல் உரிந்து ரத்தம் வந்தால் இரண்டு நாள் சும்மா இருப்பார், மூன்றாம் நாள் மறுபடி மாட்டிக்கொள்வார். "கொசுவுக்குத்தான் பாவம், பாதிச் சாப்பாடு போச்சு" என்று சொல்லிப் பக்கத்தில் பயிற்சி எடுப்பவர்களைச் சிரிக்க வைப்பார். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது செயற்கைக் கால் முன்னால். அதை அவர் ஒரு பாட்டு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே ஏறி இறங்குவார். எட்டாவது மாதத்தில் கைத்தடியை மூலையில் வைத்துவிட்டார். எல்லாம் ஒரே ஒரு ஆசைக்காக. திரும்ப லிஃப்ட் வேலைக்குப் போக வேண்டும்.

கால் விஷயத்தில் அவர் சிங்கம். ஆனால் இன்னொன்று அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அதைத் தினமும் கண்ணால் பார்த்தான்.

மச்சான் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். 'கேஸ் மூடியாச்சு, 7.10.' 'வாசல் பூட்டியாச்சு, 7.25.' 'மாத்திரை போட்டாச்சு.' எழுதிவிட்டும் நம்பிக்கை வராமல் திரும்பப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். நாலு தடவை, ஐந்து தடவை. அவருடைய அப்பா ஐம்பது வயதிலேயே மறக்கத் தொடங்கியவர். கடைசியில் பெற்ற மகளையே பார்த்து, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டவர். "இருபது வருஷம் மாப்ள, ஒரு நாள்கூடப் பூட்டாம இறங்கினதில்ல" என்பார் மச்சான். "அன்னைக்கு எப்படி மறந்தேன்? அப்பாவுக்கும் இப்படித்தான் சின்னச் சின்னதா ஆரம்பிச்சுது. தங்கச்சிகிட்ட சொல்லாத, பயந்துடுவா."

அதைக் கேட்டுக்கொண்டு அவன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று கேட்காதீர்கள். உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டான், தூங்கினான். இரண்டு மூன்று முறை சொல்ல வாயெடுத்ததும் உண்டு. ஒருநாள் பைக்கை ஓரமாக நிறுத்தி, "மச்சான், அன்னைக்கு மேல..." என்று தொடங்கினான். மச்சான் தோளில் தட்டி, "விடு, அதையே நினைச்சு உருகாத. நீ பட்ட பாட்டுக்கு நான் ஏழு ஜென்மம் கடன்பட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான், பைக்கை மறுபடி கிளப்பிவிட்டான். வீட்டில் மனைவி வேறு. "நீங்க இல்லன்னா எங்க அண்ணன் எழுந்தே இருந்திருக்க மாட்டான்" என்று அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் அள்ளி வைப்பாள். உண்மை தெரிந்தால் இவள் முகத்தில் விழிக்க முடியாது. அவனுக்கு வேலை போவதைவிட அதுதான் பயம்.

பதினோராம் மாதம் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்காக வைத்திருக்கும் நாலு மாடி லிஃப்டில் மச்சான் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். தேறினால் பழைய வேலை. இல்லையென்றால் புகார் வரும் போனை எடுக்கும் மேசை. துணைக்கு மாப்பிள்ளை போனான்.

மேனேஜர் ஒரு பெண்மணி. இருபத்தைந்து வருஷம் இந்த வேலையிலேயே ஊறியவர், முகதாட்சண்யத்துக்காக எதையும் சொல்கிறவர் இல்லை. கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சான் நாலு மாடி ஏறினார். மெஷின் ரூமில் முட்டிபோட்டு உட்கார்ந்து எழுந்தார். இறங்கி வந்து, சுவரோடு பதித்த இரும்பு ஏணியில் குழிக்குள் இறங்கினார். அங்கேதான் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. செயற்கைப் பாதத்துக்கு ஏணிப்படி தெரியாது, கண்தான் பார்த்து வைக்க வேண்டும். ஒரு தடவை வழுக்கியது. மாப்பிள்ளை பாய்ந்து போனான். "தொடாத" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மச்சான் தலை மேலே வந்தபோது ஒர்க்‌ஷாப்பே கைதட்டியது.

மேனேஜர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "கால்ல நான் ஒரு குறையும் சொல்ல முடியாது. ரெண்டு கால் உள்ளவனே இப்படி ஏற மாட்டான்" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு கேட்டே ஆகணும். அன்னைக்கு ஏன் பூட்டு போடல? இப்பவாவது ஏதாவது ஞாபகம் வருதா?"

"இல்ல மேடம்."

"பூட்டாம இறங்கின ஆள நான் எத நம்பித் திரும்ப உள்ள அனுப்பறது? நீங்களே சொல்லுங்க."

 மச்சான் சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதப் பாருங்க மேடம். கேஸ மூடினேனான்னு எழுதி வெச்சுப் பாக்கற ஆள் நான் இப்போ. ஏறிப் பாக்கணும்னு ஒரு வெறி இருந்துச்சு, ஏறிட்டேன். அது போதும். அந்தப் போன் மேசையே குடுத்திடுங்க. இன்னொரு நாள் நான் எதையாவது மறந்து, மாப்ள கால் போச்சுன்னா என் தங்கச்சி மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?"

கதவோரம் நின்றிருந்த மாப்பிள்ளைக்கு ஒரு நிமிஷம் ஆசை வரத்தான் செய்தது. ஏன் வராது? இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். மச்சானுக்கு நாற்காலி, நிழல், ஆபத்தில்லாத வேலை. தனக்கு வேலை, குடும்பம், நல்ல பெயர். யாருக்கு என்ன நஷ்டம்? அப்படி அவன் மனசு கணக்காக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. மேனேஜர் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். மச்சான் குனிந்து அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் குழியிலிருந்து தலை நிமிர்ந்து வந்த ஆளா இவர் என்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை.

"பூட்டு போட்டாரு மேடம்" என்றான்.

பேனா நின்றது. "என்ன?"

"மச்சான் பூட்டு போட்டாரு. நான்தான் திறந்தேன். என்கிட்ட மறுசாவி இருந்துச்சு. கீழ பைய மட்டும் பாத்துட்டு, ஆள் வெளிய வந்துட்டாருன்னு திறந்துட்டேன். ஒரு போன்கூடப் போட்டுக் கேக்கல. அப்புறம் பூட்ட அவர் பையில போட்டதும் நான்தான். எழுதிக் குடுத்தது எல்லாம் பொய்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.  மேனேஜர் ஏதோ கேட்க வாயெடுத்தார். மச்சான் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நான் போட்டேனா?"

"போட்டீங்க மச்சான்."

"நீ பாத்தியா? கண்ணால பாத்தியா?"

"பக்கத்துலதான் நின்னேன். ரெண்டு தடவ இழுத்துக்கூடப் பாத்தீங்க."

"அப்ப நான் மறக்கல."

"மறக்கல மச்சான். நீங்க எதையும் மறக்கல."

மச்சான் சிரித்தார். பெரிய சிரிப்பு, ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மேனேஜர் எழுந்து தண்ணீரை நகர்த்தி வைத்தார். மாப்பிள்ளைக்கு ஒரு கணம் நெஞ்சிலிருந்து பாறையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அது ஒரு கணம்தான்.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். "கால் போனதுக்கு நான் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன் மாப்ள. சாவி வெட்டினது ரெண்டு பேரும்தான். திரும்ப இறங்கும்போது நானும் ஒரு போன் பண்ணியிருக்கலாம். வேலைன்னா தப்பு நடக்கும்." அவர் குரல் தணிந்தது. "ஆனா பதினோரு மாசமா எங்க அப்பா மாதிரி ஆயிட்டு வரேன்னு நான் செத்துச் செத்துப் பிழைச்சேன். உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தே. என் காலக் கழுவிட்டே கேட்டுட்டு இருந்தே."

 

மேனேஜர் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். மறுசாவிக்காக மச்சானுக்கு எழுத்தில் எச்சரிக்கை, ஒரு வாரம் மறுபயிற்சி, அதன் பிறகு பழைய வேலை. மாப்பிள்ளைக்கு அந்த நிமிஷத்திலிருந்து வேலை இல்லை. புது விசாரணை முடிந்தபின் பார்க்கலாம். அவன் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். கழுத்து லேசானதுதான் மிச்சம், மற்றபடி ஒன்றும் லேசாகவில்லை.

 வீட்டு வாசலில் பைக்கிலிருந்து இறங்கியதும் மச்சான், "தங்கச்சிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன்."

"ம்."

அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருந்தாள். "என்ன ஆச்சு? பாஸா?"

"பாஸ்" என்றார் மச்சான். அவள் கைகொட்டிக் குதித்தாள், அழுதாள், சமையலறைக்கு ஓடினாள், பாதி வழியில் திரும்பி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருண்ணா, நாலு மாடி ஏறியிருக்கே, கால் வீங்கியிருக்கும். கழட்டி வை. என்னங்க, அந்தத் தைலத்த எடுங்களேன், மரம் மாதிரி நிக்கறீங்க."

அவன் நகரவில்லை. மச்சானும் உட்காரவில்லை. அந்த நாற்காலியைத் தங்கை பக்கம் தள்ளினார். "நீ உக்காரும்மா. உன் வீட்டுக்காரர் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மெல்லக் கரைந்தது. உட்கார்ந்தாள்.

மச்சான் நிலைக்கதவில் ஒரு கையை ஊன்றி நின்றார். செயற்கைக் காலின் பட்டைக்கு மேலே தொடை நடுங்குவது பேன்ட் துணியில் தெரிந்தது. மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "நீங்க உக்காருங்க மச்சான். கால் தாங்காது."

"நீ சொல்லி முடி" என்றார் அவர். "பாதியில எங்கயாவது நீ மழுப்பினா நான் இங்க இருக்கணுமில்ல."

அவன் சாவிக் கடையிலிருந்து தொடங்கினான். பைக்குள் பூட்டைப் போட்ட இடம் வந்தபோது அவள் "போதும்" என்றாள். மச்சான், "இல்லம்மா, இன்னும் இருக்கு" என்றார். அவன் மறுபடி தொடர்ந்தான். நோட்டைப் பற்றிச் சொன்னான். அப்பாவைப் பற்றி மச்சான் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும், அப்போதெல்லாம் தான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னான். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதுவரை மச்சான் உட்காரவே இல்லை.